ஒரே துணிக்கை, மூன்று அளவு

பேராதனையில் இரசாயனவியல் சிறப்புப் பட்டம் படிக்கும் ஒருவர், தான் தயாரித்த தைத்தேனியம் ஈரொட்சைட்டுத் தூளை மூன்று கருவிகளில் கொடுத்துப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்-கதிர்க் கோணல் (பளிங்கில் பட்டு விலகும் கதிரை அளக்கும் முறை) 18 நனோமீற்றர் என்கிறது. இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படத்தில் அளந்தால் 50, 60 வருகிறது. அதே தூளை நீரில் கலக்கி ஒளிச்சிதறல் கருவியில் வைத்தால் 240. அறிக்கையில் எதை எழுதுவது? வழக்கமாக நடப்பது இதுதான்: மூன்றில் சிறிய எண் சுருக்கத்தில் ஏறும், மற்ற இரண்டும் ‘கருவிப் பிழை’ என்ற பந்திக்குள் ஒதுங்கும்.

மூன்றும் சரியான எண்கள். கொழுந்து எடுக்கும் மலையில் இதை விளக்குவது லேசு. ‘எவ்வளவு பெரிசு?’ என்று ஒருவர் கேட்டால் கொழுந்தைச் சொல்வதா, கூடையைச் சொல்வதா, மடுவத்திலிருந்து கிளம்பும் லொறியைச் சொல்வதா? எக்ஸ்-கதிர் பார்ப்பது இடையறாத ஒரே அணுவரிசை கொண்ட பளிங்குத் துண்டை. நுணுக்குக்காட்டி பார்ப்பது அப்படிச் சில துண்டுகள் ஒட்டிய மணியை. ஒளிச்சிதறல் பார்ப்பது நீருக்குள் ஒன்றாக அசையும் கட்டியை, அதைச் சுற்றி இழுபடும் நீரோடும் சேர்த்து.

மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் திரவிய இரசாயனவியல், கணினி இரசாயனவியல், கூழ்மம் மற்றும் மேற்பரப்பு இரசாயனவியல் என்று தனித்தனி அலகுகளாக வரும் பாடங்களை இந்த ஒரு தூளே ஒன்றாகக் கட்டிவிடும். தனித்தனி விரிவுரை, தனித்தனி வினாத்தாள் என்பதால் அவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போலத் தெரிகின்றன. உயர்தரத்தைத் தமிழில் எழுதி, கெம்பஸில் ஆங்கிலத்துக்கு மாறியவர்களுக்கு இந்தப் பிரிவு இன்னும் கூடுதலாகத் தெரியும். ‘பிசுக்குமை’, ‘கோணல்’, ‘மேற்பரப்பிழுவிசை’ எல்லாம் தலைக்குள் ஓரிடத்தில் இருக்கும். அவற்றின் ஆங்கிலப் பெயர்கள் வேறோரிடத்தில் இருக்கும். சொல்லைத் தேடுவதில் போகும் நேரத்தில், எண் எந்த அளவுத்திட்டத்துக்கு உரியது என்ற கேள்வி நழுவிவிடுகிறது.

தூளைச் செய்வதும் அளப்பதும்

தைத்தேனியம் ஈரொட்சைட்டு நமக்கு அந்நியமான பொருள் இல்லை. புல்மோட்டைக் கடற்கரையின் கருமணலில் உள்ள இல்மனைற்று, இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்த ஒட்சைட்டு. ஆனால் ஆய்வுகூடத்தில் பெரும்பாலும் அங்கிருந்து தொடங்குவதில்லை. தைத்தேனியம் ஐசோபுரொப்பொட்சைட்டு என்ற திரவத்திலிருந்து சோல்-ஜெல் முறையில், அதாவது நுண்துணிக்கைகள் மிதக்கும் ‘சோல்’ திரவமாக்கி இறுகவிட்டு, செய்வதே வழக்கம்.

அளவுகள் இப்படி இருக்கும். அந்தத் திரவம் 10 மில்லிலீற்றர், அதாவது சுமார் 9.6 கிராம் அல்லது 34 மில்லிமூல். 120 பாகை செல்சியசில் காயவைத்த குடுவையில் 40 மில்லிலீற்றர் உலர்ந்த ஐசோபுரொப்பனோலில் இதைக் கரைத்து, 4 மில்லிலீற்றர் அசற்றிக்கமிலம் சேர்க்க வேண்டும். அமிலம் தைத்தேனியத்தின் இரண்டு இடங்களைப் பிடித்துக்கொண்டு நீர்ப்பகுப்பை நிதானப்படுத்தும். நைத்திரிக்கமிலத்தால் பிஎச் 1 முதல் 2 வரை கொண்டுவந்த 100 மில்லிலீற்றர் நீரைக் கடுமையாகக் கலக்கிக்கொண்டே, இந்தக் கலவையைத் துளித்துளியாக விட வேண்டும். முதலில் வெள்ளையாகத் திரியும். 70, 80 பாகையில் சில மணிநேரம் வைத்தால் நீலச்சாயலுள்ள தெளிவான சோல் ஆகும். உலர்த்தி, நிமிடத்துக்கு 5 பாகை வீதம் ஏற்றி, 450 பாகையில் 2 மணிநேரம் சுட்டால் அனடேஸ் என்ற பளிங்கு வடிவத் தூள்.

கோளாறு எங்கே வரும்? கண்டிப் பக்கத்து ஈரக்காற்றில் சிரிஞ்சின் நுனியிலேயே அந்தத் திரவம் வெள்ளையாக உறைந்து அடைத்துக்கொள்ளும். போத்தலைத் திறந்து வைத்துக்கொண்டு அளக்கும் ஒவ்வொரு நிமிடமும் அடுத்த முறைக்கான திரவம் கெடுகிறது. அசற்றிக்கமிலத்தை விட்டுவிட்டால் நீர் பட்ட இடமெல்லாம் கட்டி. அந்தக் கட்டியை எத்தனை மணிநேரம் கலக்கினாலும் சோலாகாது. சுட்ட பின் தூள் சாம்பல் நிறமாக இருந்தால் சேதனப் பகுதி முழுதும் எரியவில்லை, காபன் எஞ்சியிருக்கிறது. 600 பாகையைத் தாண்டினால் ரூட்டைல் என்ற மற்றப் பளிங்கு வடிவம் எட்டிப் பார்க்கத் தொடங்கும். விளைச்சலையும் நிறுத்துப் பாருங்கள். 34 மில்லிமூலுக்கு அதிகபட்சம் 2.7 கிராம்தான் வர முடியும். 3.1 கிராம் வந்தால் அது வெற்றியில்லை, நீரும் காபனும்.

அடுத்தது, எக்ஸ்-கதிர்க் கோணல் வரைபின் உச்சம் எவ்வளவு அகலம் என்பதிலிருந்து பளிங்கின் அளவைத் தரும் ஷெரர் சமன்பாடு. 1918இல் வந்த இந்தச் சமன்பாடு பார்வைக்குச் சாதுவானது: 0.9ஐ அலைநீளத்தால் பெருக்கி, உச்சத்தின் அரை உயர அகலத்தாலும் கோணத்தின் கோசைனாலும் வகுப்பது. செப்புக் கதிரின் அலைநீளம் 0.15406 நனோமீற்றர். அனடேஸின் பெரிய உச்சம் 25.3 பாகையில் நிற்கிறது. அதன் அகலம் 0.45 பாகை என்று எடுப்போம். சமன்பாட்டில் போடவேண்டிய கோணம் அதில் பாதி, 12.65. அகலத்தை ஆரையனுக்கு மாற்றினால் 0.00785. விடை 18.1 நனோமீற்றர்.

ஆரையனுக்கு மாற்ற மறந்தால் 0.32 வரும். அனடேஸ் அலகுக்கலத்தின் (பளிங்கில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய கட்டின்) சின்னப் பக்கமே 0.378 நனோமீற்றர். அதாவது, ஒரு செங்கல்லைவிடச் சின்னதாக ஒரு சுவரைக் கட்டியிருக்கிறோம். இந்த ஒப்பீட்டைச் செய்து பார்க்காமல் 0.32ஐ அப்படியே எழுதிக்கொடுப்பது நடக்கக்கூடிய காரியம்தான்; கணிப்பான் காட்டிய எண்ணுக்கு ஒரு தனி மரியாதை இருக்கிறது.

இன்னொரு பொறி கொஞ்சம் நுட்பமானது. உச்சத்தின் அகலத்தில் கருவியின் சொந்த அகலமும் கலந்திருக்கிறது. பெரிய பளிங்குகள் கொண்ட சிலிக்கன் நியமத்தை அளந்து அது 0.10 பாகை என்று கண்டால், கழிக்க வேண்டும். வர்க்கங்களைக் கழித்து மூலம் எடுத்தால் 0.439 பாகையும் 18.5 நனோமீற்றரும் வரும். நேரடியாகக் கழித்தால் 0.35 பாகையும் 23.3 நனோமீற்றரும் வரும். எது சரி என்பது உச்சத்தின் வடிவத்தைப் பொறுத்தது: மணி வடிவ காவுஸ் உச்சத்துக்கு முதலாவது, நீண்ட வாலுள்ள லோரன்ஸ் உச்சத்துக்கு இரண்டாவது. ஆகவே ‘18.09’ என்று இரண்டு தசமத்தில் எழுதுவது வெறும் அலங்காரம். பளிங்கு 100 நனோமீற்றரைத் தாண்டினால் அதன் அகலம் கருவியின் அகலத்துக்குள் மூழ்கிவிடும். அங்கே ஷெரரை எடுக்கவே வேண்டாம்.

நீருக்குள் போன பிறகு

இனி அந்த 240. தூளைக் காய்ச்சி வடித்த நீரில் போட்டு மீயொலியில் குலுக்கிக் கருவியில் வைத்தார் என்று வைத்துக்கொள்வோம். காற்றுப்பட்ட வடிநீரில் காபனீரொட்சைட்டுக் கரைந்து பிஎச் 5.6 அளவில் நிற்கும். தைத்தேனியம் ஈரொட்சைட்டின் மேற்பரப்பு ஏற்றம் சூனியமாவது பிஎச் 6 அளவில். துணிக்கைகள் ஒன்றையொன்று தள்ள வலுவில்லாத இடத்திலேயே கொண்டுபோய் விட்டிருக்கிறார். சுத்தமான நீர் என்று நம்பி எடுத்தது, இந்தத் தூளுக்கு வாய்த்த மிக மோசமான ஊடகம். நைத்திரிக்கமிலத்தால் பிஎச் 3க்குக் கொண்டுபோனால் மேற்பரப்பு நேரேற்றம் பெறும். துணிக்கைகள் எவ்வளவு வலுவாகத் தள்ளும் என்பதைக் காட்டும் சீற்றா அழுத்தம் 30 மில்லிவோல்ற்றைத் தாண்டினால் கலவை ஓரளவு நிலைக்கும்.

அதற்காக உப்பை அள்ளிப் போட்டு பிஎச்சைச் சரிசெய்யவும் கூடாது. ஏற்றத்தின் செல்வாக்கு எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதைக் காட்டும் டெபாய் நீளம், 25 பாகை நீரில் 0.304ஐ அயன் வலிமையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் நனோமீற்றரில் கிடைக்கும். லீற்றருக்கு 0.001 மூல் உப்பில் அது 9.6. 0.1 மூலில் ஒன்றுக்கும் குறைவு. துணிக்கைகள் இப்போது மிக அருகே வந்த பிறகுதான் தள்ளுவிசையை உணரும். அதற்குள் வந்தர்வாலிசு ஈர்ப்பு பிடித்துவிடும்.

ஒளிச்சிதறல் கருவி நீளத்தை நேரே அளப்பதே இல்லை. துணிக்கை நீருக்குள் எவ்வளவு வேகமாக அலைகிறது என்று பார்த்து, ஸ்டோக்ஸ்–ஐன்ஸ்டைன் சமன்பாட்டால் விட்டமாக மாற்றுகிறது. அதில் வெப்பநிலையும் பிசுக்குமையும் உண்டு. நுவரெலியாக் குளிரில் வைத்திருந்த 15 பாகை மாதிரியை, அது சூடேறும்வரை பொறுக்காமல், 25 பாகை என்று கருவிக்குச் சொல்லி அளந்தால் என்ன ஆகும்? நீரின் பிசுக்குமை 15 பாகையில் 1.14 மில்லிபஸ்கால் செக்கன், 25இல் 0.89. உண்மையில் 100 நனோமீற்றராக உள்ள துணிக்கையைக் கருவி 132 என்று சொல்லும். கருவியில் ஒரு குறையும் இல்லை. அது நம் பேச்சை நம்பியது, அவ்வளவுதான்.

சிதறும் ஒளி விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும் என்பதும் இங்கே முக்கியம். 100 நனோமீற்றர்த் துணிக்கை ஒன்று, 20 நனோமீற்றர்த் துணிக்கைகள் 15,625 சேர்ந்து சிதறடிக்கும் ஒளியைத் தனியாகச் சிதறடிக்கும். ஆயிரக்கணக்கான சின்னவர்கள் பேசிக்கொண்டிருக்க, ஒலிவாங்கியைப் பிடித்த ஒருவரின் குரல் மட்டும் கேட்பதுபோல. வடிகட்டாத ஒரு தூசி போதும், வரைபு முழுதும் அதன் பெயருக்குப் போய்விடும்.

கூழ்மப் பாடத்தின் மற்ற நிலையான செய்முறை, சவர்க்காரப் பொருளின் மைசெல் (அதன் மூலக்கூறுகள் நீருக்குள் ஒன்றுசேரும் சிறு உருண்டை) தொடங்கும் செறிவைக் காண்பது. சோடியம் டொடெசைல் சல்பேற்றுக்கு அது 25 பாகையில் லீற்றருக்கு 8.2 மில்லிமூல். 2.884 கிராமை 100 மில்லிலீற்றரில் கரைத்தால் 0.1 மூல் கரைசல். முகவையில் 50 மில்லிலீற்றர் வடிநீர். அரை அரை மில்லிலீற்றராகச் சேர்த்துக் கடத்துதிறனை வாசிக்க வேண்டும், சுமார் 4.5 மில்லிலீற்றரில் கோட்டின் சரிவு மாறும். சேர்த்த கனவளவையே அச்சில் வைத்து, முகவையில் உள்ள கனவளவு கூடுவதை மறந்தால் 8.9 என்று வரும். வெப்பநிலை ஒரு பாகை நகர்ந்தால் கடத்துதிறன் ஏறத்தாழ 2 சதவீதம் நகரும், எனவே நீர்த்தொட்டி இல்லாமல் இதைச் செய்வதில் பயனில்லை. குளிர்ந்த காலையில் மூலக்கரைசலின் அடியில் வெண்பளிங்குகள் படிந்திருந்தால், இளஞ்சூட்டில் முழுதும் கரைத்த பிறகே குழாயியால் எடுக்க வேண்டும். மேலே தெளிந்ததை மட்டும் எடுத்தால் செறிவு குறைந்த கரைசலைத்தான் அளக்கிறீர்கள்.

மேற்பரப்பிழுவிசையால் அதே செறிவைக் காண்பவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. வரைபு இறங்கி, மைசெல் செறிவுக்குச் சற்று முன் ஒரு பள்ளத்தில் விழுந்து மீண்டும் ஏறினால் அது புதிய கண்டுபிடிப்பு இல்லை. பழைய போத்தலில் சல்பேற்று நீர்ப்பகுத்து உண்டான டொடெக்கனோல் மேற்பரப்பில் குடியேறியிருக்கிறது. மைசெல்கள் உருவானதும் அதை உள்ளே இழுத்துக்கொள்கின்றன, பள்ளம் நிமிர்கிறது. மீள்பளிங்காக்கினால் பள்ளம் போய்விடும்.

சாயமும் மகாவலியும்

பாடநூலில் உள்ள பொற்சோலைவிட நல்ல கூழ்மம் நம் அடுப்படியில் இருக்கிறது. நல்ல உயர்நிலச் சாயத்தை, அதாவது வெறும் தேநீரை, திடமாக ஊற்றி, பாலில்லாமல் ஆறவிட்டால் தெளிவாக இருந்த சாயம் மங்கிக் கலங்கும். தேயிலை சுவைப்பவர்கள் இதைச் சாயத்தின் தரத்துக்கு அடையாளமாகவே பார்ப்பார்கள். கஃபீனும் தியாஃப்ளேவின், தியாரூபிஜின் போன்ற பொலிபீனோல்களும் ஒன்றையொன்று பற்றி, குளிரக் குளிரக் கரையாத நுண்துளிகளாகின்றன. மறுபடி சூடாக்கினால் கலங்கல் மறையும்.

செய்முறையாகச் செய்யத் தொடங்கும்போது ஐஎஸ்ஓ 3103 தரநெறியின் அளவு ஒரு அடிப்படை: 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம், 6 நிமிடம். கலங்கலைத் தெளிவாகப் பார்க்க இதைவிடத் திடமாக, 5 கிராம்வரை போகலாம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே நீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். வெவ்வேறு ஊர்களின் முடிவுகளை ஒப்பிடுபவர் ஊற்றிய நீரின் வெப்பநிலையையும் எழுத வேண்டும். தூளின் துகள்களைச் சூடாக இருக்கும்போதே வடிகட்ட வேண்டும். ஆறிய பின் 0.45 மைக்ரோமீற்றர் வடியில் ஊற்றினால், அளக்க வந்த பொருளே வடிதாளில் தங்கிவிடும். கலங்கலை 400 நனோமீற்றர் ஒளியில் அளக்கவும் கூடாது. சாயத்தின் நிறமே அந்த ஒளியை விழுங்கும். 650, 700 பக்கம் போனால் சிதறல் மட்டும் தெரியும். கருவி இல்லாவிட்டால் ஒரு சிவப்பு லேசர்ச் சுட்டி போதும்: சூடான சாயத்தில் மங்கலாகத் தெரியும் கோடு, ஆறிய சாயத்தில் தடித்துத் துலங்கும்.

எந்த நீர் என்பதும் பெரிய விசயம். மாத்தளை, திகன பக்கம் பளிங்குச் சுண்ணாம்புக்கல்லும் தொலமைற்றும் உள்ள நிலத்துக் கிணறுகளில் கல்சியமும் மக்னீசியமும் அதிகம். மேட்டுத் தோட்டங்களின் ஊற்றுநீர் மென்மையானது. கல்சியம் கலங்கலை வளர்க்கும், மேலே ஆடையும் படியவைக்கும். ஒரே தூள், இரண்டு ஊர், இரண்டு வரைபு.

அந்த மென்மையான நீரே இன்னோரிடத்தில் தொல்லை கொடுக்கும். மழைக்குப் பின் மகாவலி செம்மண் நிறத்தில் ஓடுவதைப் பார்த்தவர்களுக்குக் களித்துணிக்கைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அவற்றுக்கு மறையேற்றம், மூவலு அலுமினியம் தரும் படிகாரம் அதைத் தணித்துத் திரளவைக்கும். உறையவைக்கத் தேவையான செறிவு ஏற்றத்தின் ஆறாம் அடுக்குக்கு நேர்மாறு என்ற சூல்ஸ்–ஹார்டி விதி, ஓரலு அயனுக்கு 729 பங்கு தேவைப்படும் இடத்தில் மூவலு அயனுக்கு ஒரு பங்கு போதும் என்கிறது. ஆற்றுநீரில் இந்த எண்ணை எதிர்பார்க்க வேண்டாம். அலுமினியம் அங்கே வெறும் அயனாக நிற்காமல் ஐதரொட்சைட்டாகத் திரண்டு களியை வாரிக்கொண்டும் போகிறது.

சோதனைக்கு ஆறு முகவைகள், ஒவ்வொன்றிலும் ஒரு லீற்றர் ஆற்றுநீர், படிகாரம் 10 முதல் 60 மில்லிகிராம்வரை. ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, பின் 15, 20 நிமிடம் மெதுவாக, பின் அரைமணிநேரம் சும்மா விட வேண்டும். மெதுவாகக் கலக்கும் கட்டத்தில் வேகத்தைக் கூட்டினால் திரண்ட பஞ்சு உடையும், திரும்ப ஒட்டாது. ஒவ்வொரு மில்லிகிராம் படிகாரமும் ஏறத்தாழ அரை மில்லிகிராம் காரத்தன்மையைத் தின்னும். மலைநீரில் அந்தக் காரத்தன்மையே சொற்பம் என்பதால், 60 மில்லிகிராம் போட்ட முகவையில் பிஎச் சரிந்து, அலுமினியம் கரைந்தே நின்று, பஞ்சு உருவாகாமல் போகலாம். ‘படிகாரம் போதவில்லை’ என்று மேலும் போடுவது நேர் எதிரான வைத்தியம். தேவை கொஞ்சம் சுண்ணாம்பு.

திரைக்குள் இருக்கும் மூலக்கூறு

சாயத்தில் கஃபீன் பொலிபீனோலைப் பற்றுகிறது என்றோம். எவ்வளவு வலுவாக? இதைக் கணினியில் கேட்கலாம். மலையகத்துப் பிள்ளைகளுக்குக் கணினி இரசாயனவியல் ஒரு வகையில் நல்ல வாய்ப்பு: இலட்சக்கணக்கில் பணம் கேட்கும் கருவி வேண்டாம், கல்வித்தேவைக்கு இலவசமாகக் கிடைக்கும் ஓர்கா மென்பொருளும், மூலக்கூறு வரைய அவகாட்ரோவும், ஒரு சுமாரான மடிக்கணினியும் போதும். மின்வெட்டு மட்டும் மன்னிக்காது. 2022இல் நாளுக்கு 13 மணிநேரம்வரை மின்சாரம் போன காலத்தை நினைத்தால், இடைநிலைக் கோப்பைச் சேமித்து அங்கிருந்தே தொடரும் வழியை முதலில் படிப்பது நல்லது.

கஃபீனில் 24 அணுக்கள். அவற்றில் 10 ஐதரசன். 6-31ஜி(டி) என்ற வழக்கமான அடித்தளத் தொகுதியில் (இலத்திரன்களை விவரிக்கும் கணிதச் சார்புகளின் தொகுப்பில்) பாரமான அணு ஒவ்வொன்றுக்கும் 15 சார்புகள், ஐதரசனுக்கு 2. மொத்தம் 230. ஹார்ட்றி–ஃபொக் என்ற அடிப்படைக் கணக்கு முறையில் வேலை, தாளில் பார்த்தால், சார்புகளின் நான்காம் அடுக்கில் வளரும்: மூலக்கூறை இரட்டித்தால் 16 மடங்கு. மென்பொருள்கள் தந்திரங்களால் இதைக் குறைத்தாலும், கஃபீனோடு தியாஃப்ளேவினைச் சேர்த்ததும் மடிக்கணினி முனகத் தொடங்கிவிடும்.

முதல் வேலை வடிவத்தைச் சீராக்குவது. இரண்டாவது, பலர் தாண்டிப்போவது, அதிர்வெண் கணக்கு. 24 அணு மூலக்கூறில் 66 அதிர்வுகள் வர வேண்டும், எல்லாம் நேர் எண்ணாக. ஒன்று மறை எண்ணாக அச்சாகியிருந்தால் மூலக்கூறு பள்ளத்தில் உட்காரவில்லை, ஏதோவொரு மேட்டின் உச்சியில் நிற்கிறது. கஃபீனில் மூன்று மெதைல் கூட்டங்கள் உள்ளன. சுழலுவதற்குத் தடையே இல்லாததுபோல இருக்கும் இவைதான் வழக்கமான குற்றவாளிகள். அந்த மெதைலைச் சற்றுத் திருப்பி, ஒருங்கல் எல்லையை (கணக்கு எப்போது நிற்கலாம் என்ற அளவை) இறுக்கி, மறுபடி ஓட்ட வேண்டும்.

பிறகு வருவது சக்தி. பி3எல்வைபி என்ற கணக்கு முறையில் கஃபீனின் மொத்தச் சக்தி −680 ஹார்ட்றி அளவில் அச்சாகும். ஒரு ஹார்ட்றி, மூலுக்கு 2625.5 கிலோயூல். நாம் தேடும் பற்றுச் சக்தியோ மூலுக்கு 20 கிலோயூல் போல, அது 0.0076 ஹார்ட்றி. லொறியை ஓட்டுநரோடும் ஓட்டுநர் இல்லாமலும் நிறுத்து, அவர் சட்டைப்பையில் இருக்கும் காசின் நிறையைக் கண்டுபிடிப்பதுபோன்ற கணக்கு. அட்டவணையில் −680.38 என்று இரண்டு தசமத்தோடு நிறுத்தினால் விடையை நாமே கையால் அழித்துவிட்டோம். ஆறு தசமமாவது வேண்டும். சேர்ந்த சோடி, தனிக் கஃபீன், தனிப் பொலிபீனோல் என்ற மூன்று கணக்குகளும் ஒரே முறை, ஒரே அடித்தளத் தொகுதி, ஒரே கரைப்பான் அமைப்பில் இருக்கவும் வேண்டும்.

இதோடும் முடியாது. தட்டையான இரண்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதற்குக் காரணமான வந்தர்வாலிசு ஈர்ப்பு, வெறும் பி3எல்வைபி முறையில் கிட்டத்தட்ட இல்லை. பென்சீன் இரட்டையின் உண்மையான பற்று மூலுக்கு 11 கிலோயூல் அளவில் இருக்க, அந்த முறை அவற்றைத் தள்ளிவிடவே பார்க்கும். 2010இல் கிரிம்மெ குழு வெளியிட்ட டி3 திருத்தத்தைச் சேர்ப்பது உள்ளீட்டில் ஒரு சொல். அதை மறந்தவரின் கணினியில் சாயம் ஒருபோதும் கலங்காது.

அடுத்த தவறு எதிர்ப்பக்கம் இழுக்கும். அடித்தளத் தொகுதி சின்னதாக இருந்தால், அருகே வந்த மூலக்கூறு பக்கத்து மூலக்கூறின் சார்புகளைக் கடன் வாங்கித் தன் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். அந்தக் கடன் பற்றுச் சக்தியாக வேடம் போடும். பொய்ஸ்–பெர்னார்டி 1970இல் தந்த வழி, தனி மூலக்கூறுக்கும் அதே கடனைக் கொடுத்துக் கணக்கிடுவது: அணுக்கருவும் இலத்திரனும் இல்லாத ‘பேய் அணுக்களை’ பக்கத்தில் வைப்பது. முதல் தவறும் இரண்டாவதும் ஒன்றையொன்று ஈடுசெய்து, தற்செயலாக நல்ல எண் வந்துவிடுவதும் உண்டு. மிகவும் ஆபத்தான முடிவு அதுதான்.

அப்படியே எல்லாம் சரியாக வந்தாலும், கிடைத்தது வெற்றிடத்தில், 0 கெல்வினில், ஒரு கஃபீனும் ஒரு பொலிபீனோலும். கோப்பைக்குள் இருப்பது ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளும், அவற்றுக்கிடையே வழிவிட மறுக்கும் நீரும், சேர்ந்ததால் இழந்த எந்திரப்பியும் (ஒழுங்கின்மையும்). ‘கஃபீன் பற்றும் சக்தி 30 கிலோயூல், ஆகவே சாயம் கலங்கும்’ என்று ஆய்வுக்கட்டுரையில் எழுதுவது, கொழுந்தின் நீளத்தைச் சொல்லி லொறியின் பாரத்தை நிறுவுவது.

நம் அனடேஸ் தூளுக்கும் இதே கணக்கு. 18 நனோமீற்றர் உருண்டை ஒன்றின் கனவளவை, ஒரு சூத்திர அலகுக்கு 0.034 கன நனோமீற்றர் என்று வகுத்தால், ஏறத்தாழ 90,000 தைத்தேனியம் அணுக்கள்; ஒட்சிசனோடு சேர்த்து 270,000 அணுக்கள். எந்தப் பட்டப்படிப்புக் கணினியும் அதைத் தொடாது. குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ போன்ற மென்பொருளில் நாம் ஓட்டுவது 12 அணு அலகுக்கலம் ஒன்றை, எல்லாத் திசையிலும் முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வைத்து. அதற்கு மேற்பரப்பே கிடையாது. பிபிஇ என்ற கணக்கு முறை தரும் பட்டை இடைவெளி (இலத்திரன் தாண்டவேண்டிய சக்தி இடைவெளி) 2 இலத்திரன்வோல்ற்றுக்குச் சற்று மேலே, பரிசோதனையில் 3.2. வித்தியாசத்தைத் ‘துணிக்கை சிறியதானதால்’ என்று விளக்கும் பந்தியை எழுதிவிடாதீர்கள். அந்தக் கணக்கில் துணிக்கையே இல்லை. குறை முறையில் உள்ளது, இடைவெளியைக் குறைத்துச் சொல்வது அதன் அறிந்த பலவீனம்.

அந்தானையில் நடந்தது

மூன்று பாடங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்த கதை கண்டிக்கு மேலேயே இருக்கிறது. 1991இல் ஓ’ரீகனும் கிரட்சலும், துளைகள் நிறைந்த தைத்தேனியம் ஈரொட்சைட்டுப் படலத்தில் சாயமூலக்கூறுகளை (இங்கே தேநீர் இல்லை, ஒளியை விழுங்கும் நிறப்பொருள்) படியவைத்து, அயடீன் கொண்ட திரவத்தால் நிரப்பிய சூரியக் கலத்தை வெளியிட்டார்கள். அந்தத் திரவம் ஆவியாகும், கசியும். அந்தானையில் உள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் பேராசிரியர் கீர்த்தி தென்னக்கோனும் அவரது குழுவினரும் 1995இல் திரவத்தை எடுத்துவிட்டு, செப்பு அயடைட்டு என்ற திண்மத்தால் துளைகளை நிரப்பிக் காட்டினார்கள். திண்ம நிலைச் சாயச் சூரியக் கலத்தின் வரலாற்றில் அது தொடக்கப் புள்ளிகளில் ஒன்று.

செய்யும் முறை கேட்க எளிது. செப்பு அயடைட்டை அசற்றோநைத்திரைலில் கரைத்து, சூடான படலத்தின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டு உலரவிடுவது. சிக்கல் உலரும்போதுதான். செப்பு அயடைட்டு வேகமாகப் பளிங்காகும். துளையைவிடப் பெரிய பளிங்கு வாசலிலேயே நின்றுவிடும், உள்ளே நுழையாது. நுழைந்ததும் நாட்கள் செல்ல வளர்ந்து, தைத்தேனியம் ஈரொட்சைட்டோடு வைத்த தொடுகையைத் தளர்த்தும், மின்னோட்டம் சரியும். இதற்குப் பின்னர் வந்த மருந்து, தயோசயனேற்று அயனுள்ள ஓர் அயன் திரவத்தை (திரவமாகவே இருக்கும் உப்பை) செப்பு அயடைட்டுக் கரைசலில் மிகச் சிறிதளவு சேர்ப்பது. அந்த அயன் வளரும் பளிங்கின் முகத்தில் ஒட்டிக்கொண்டு மேலும் வளரவிடாமல் தடுக்கிறது. சேர்த்த அளவு சிறிது; பளிங்குகள் துளைக்குள் போகும் அளவிலேயே நின்றன.